நாவலூர் மொட்டை மாடியில் கேலக்ஸி தெரியுமா?

கேள்வி: நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். தீபாவளி போனஸில் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கினேன். நிலாவின் குழிகள், வியாழனின் துணைக்கோள்கள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் அருமையாகத் தெரிகின்றன. ஆனால் மொபைல் ஆப்பை வைத்துக்கொண்டு எம் 33, எம் 101, கன்னி ராசிப் பக்கத்து கேலக்ஸிகள் என்று தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை. எம் 33-இன் மேக்னிடியூட் 5.7 என்று ஆப் சொல்கிறது. அதே 5.7 உள்ள நட்சத்திரம் என் பைனாகுலரில் பளிச்சென்று தெரிகிறதே! கேலக்ஸி மட்டும் ஏன் தெரியவில்லை? 20×80 வாங்கினால் தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் கடற்கரைக்குப் போக வேண்டுமா? நாவலூரிலிருந்து எதை, எந்த மாதத்தில் பார்க்கலாம்?

— வாசகர், நாவலூர்

பதில்: முதலில் பணத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். 20×80 வேண்டாம். உங்கள் 10×50 நல்ல கருவிதான். நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்றும் நாவலூர் வானத்துக்குப் பொருந்தாதவை. அவ்வளவுதான் சிக்கல்.

ஆப் காட்டும் மேக்னிடியூட், ஒரு பொருளிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தைக் குறிக்கும் எண். நட்சத்திரம் ஒரு புள்ளி; அதன் வெளிச்சம் முழுவதும் அந்த ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. எம் 33 முழுநிலவைப் போல மூன்று மடங்கு பரப்பில் விரிந்து கிடக்கிறது. 5.7 என்பது அந்தப் பரப்பு முழுவதையும் கூட்டி வந்த கணக்கு. ஒரு சிட்டிகை மஞ்சளை ஒரு டம்ளர் பாலில் போட்டால் நிறம் ஏறும். அதே சிட்டிகையை அண்டாப் பாலில் போட்டால் போட்ட அடையாளமே இருக்காது. எம் 33 அண்டாவில் விழுந்த மஞ்சள். எம் 101 இன்னும் மோசம். ஆகவே ஆப்பில் மேக்னிடியூட்டை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் அளவையும் பாருங்கள். எண் சிறியதாகவும் அளவும் சிறியதாகவும் இருந்தால் கிடைக்கும். எண் சிறியதாக இருந்தும் அளவு பெரியதென்றால், இருட்டான ஊருக்குப் போகும்வரை ஒத்திப்போடுங்கள்.

இதில் பைனாகுலரை மாற்றுவதால் ஏன் பெரிய பயன் இல்லை என்பதும் அடங்கியிருக்கிறது. நாவலூர் வானம் கறுப்பு இல்லை, சாம்பல். ராஜீவ் காந்தி சாலை விளக்குகள், அலுவலகக் கட்டடங்கள், வடக்கே சோழிங்கநல்லூரிலிருந்து சென்னை வரை எழும் வெளிச்சம் எல்லாம் காற்றிலுள்ள ஈரத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி வானத்தைப் பூசிவிடுகின்றன. கேலக்ஸியின் மங்கலான ஒளி அந்தப் பூச்சின் மேல் தெரிய வேண்டும். 20 மடங்கு பெரிதாக்கினால் கேலக்ஸியும் பெரிதாகும், அதைச் சுற்றியுள்ள சாம்பலும் சேர்ந்தே பெரிதாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். பரந்து கிடக்கும் ஒளியின் பரப்புப் பிரகாசத்தைக் கூட்டித் தரும் கண்ணாடி உலகத்தில் கிடையாது. நட்சத்திரக் கொத்துகளில் கதை வேறு. அவை தனித்தனிப் புள்ளிகள்; லென்ஸ் பெரிதானால் புள்ளிகள் கூடும். அதனால்தான் நகரத்து வானத்துக்குக் கொத்துகளே ஏற்றவை.

வானம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நீங்களே சோதிக்கலாம். கார்த்திகை, மார்கழி முன்னிரவில் தலைக்கு மேல் பெரிய சதுரம் ஒன்று நிற்கும். அதன் மேற்கு ஓரத்து இரண்டு நட்சத்திரங்கள் பூரட்டாதி, கிழக்கு ஓரத்து இரண்டு உத்திரட்டாதி. வெறுங்கண்ணால் அந்தச் சதுரத்துக்குள் பாருங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் உங்கள் எல்லை சுமார் 4-ஆம் மேக்னிடியூட். அன்று கேலக்ஸி வேட்டையை விட்டுவிட்டுக் கொத்துகளைப் பாருங்கள். இரண்டு மூன்று தெரிந்தால் நல்ல நாள்.

நம் ஊருக்கு வாய்த்த தெற்கு வானம்

ஆப்பும் மேலைநாட்டுப் புத்தகங்களும் தரும் பட்டியல்களில் எம் என்று தொடங்குபவை, பாரிஸிலிருந்து வானத்தைத் துழாவிய சார்லஸ் மெஸ்ஸியே தொகுத்தவை. வால்நட்சத்திரம் தேடுபவர்கள் ஏமாறாமல் இருக்க அவர் தொகுத்த அந்தப் பட்டியல், 1781-இல் 103 பொருள்களோடு நின்றது. பாரிஸ் இருப்பது ஏறத்தாழ 49 டிகிரி வடக்கில். அங்கே தொடுவானத்துக்கு மேலே வராதவை அவர் பட்டியலில் இருக்க வழியில்லை. நாவலூர் 13 டிகிரிக்கும் சற்றுக் குறைவான வடக்கில் இருக்கிறது. அவர் கண்ணில் படாத தென்வானத்தின் பெரும்பகுதி உங்கள் மொட்டை மாடிக்கு மேலே தினமும் போய்வருகிறது.

இதை நம் ஊர்க்காரர்கள் முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த சென்னை வான் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் ரகுநாதாச்சாரி. ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் மாறிமாறி ஒளிர்வதை 1867-இல் கண்டுபிடித்தவர் அவர். அந்த நட்சத்திரம் சென்னையில் தெற்கே வெறும் 14 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாது. பிற்காலத்தில் வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தபோதும் தென்வானம் கைக்கு எட்டும் என்பது ஒரு முக்கியக் காரணம். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்குத் தெரியும் தெற்கும், உங்கள் பைனாகுலருக்குத் தெரியும் தெற்கும் அட்சரேகைக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நாவலூரில் இன்னொரு வசதியும் உண்டு. சென்னை உங்களுக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே கெட்டுப்போன திசை வடக்கு. கிழக்கே பக்கிங்காம் கால்வாயையும் ஈ.சி.ஆரையும் தாண்டினால் கடல்தான். தென்கிழக்கும் தெற்கும்தான் உங்கள் திசைகள்.

மாடியிலிருந்தே பார்க்கக்கூடியவை

மாசியிலிருந்து தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை விட்டு, போகிப் புகையும் கலைந்த பிறகு வரும் மாதங்களில்தான் இந்தக் கரையில் வானம் ஓரளவு தெளியும். இரவு 9 மணிக்கு சிரியஸ் தெற்கே உயரத்தில் இருக்கும். அதைப் பைனாகுலரின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால், 4 டிகிரி கீழே அதே வட்டத்துக்குள் எம் 41 வந்துவிடும். பொடிப்பொடியாக உதிர்ந்த நட்சத்திரக் கொத்து.

பங்குனியில் 9 மணிக்குப் பூசம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவே வெறுங்கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரியும் இடம் அது. அங்கே பைனாகுலரை வைத்தால், ஏறத்தாழ 600 ஒளியாண்டு தொலைவில் உள்ள எம் 44 கொத்து வட்டம் நிறையச் சிதறிக் கிடக்கும். வெறுங்கண்ணில் ஒன்றுமில்லாத இடம் பைனாகுலரில் நட்சத்திரங்களாக உடையும் அனுபவத்துக்கு இதைவிட நல்ல இடம் நாவலூர் வானத்தில் இல்லை. அங்கிருந்து தெற்கே சுமார் 8 டிகிரியில் எம் 67. இது வயதான கொத்து. ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள். உங்கள் மாடியில் இது புள்ளிகளாகப் பிரியாமல் ஒரு மங்கல் திட்டாக மட்டுமே தெரியும். கேலக்ஸி எப்படித் தெரியும் என்று கண்ணைப் பழக்க இதுதான் சரியான பாடம்.

சித்திரை மாதம் நள்ளிரவில், அல்லது வைகாசியில் இரவு 10 மணிக்கு, நம் வானத்தின் பெரிய பரிசு தெற்கே வரும்: ஒமேகா செண்டாரி. மெஸ்ஸியே பார்க்க முடியாதது இது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கோளக் கொத்து. நட்சத்திரம் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட இது நட்சத்திரமல்ல என்று 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கண்டு சொன்னவர் எட்மண்ட் ஹாலி.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சித்திரை நட்சத்திரம் தெற்கில் தன் உச்சத்தில் நிற்கும் நேரத்தில், அதிலிருந்து நேர் கீழே இறங்குங்கள். கையை நீட்டி மடக்கிய முஷ்டி வானத்தில் சுமார் 10 டிகிரி. சித்திரையிலிருந்து மூன்றரை முஷ்டிக்குச் சற்று அதிகமாக இறங்கினால் போதும். தொடுவானத்திலிருந்து எண்ணினால் மூன்று முஷ்டி. அந்தப் பகுதியைப் பைனாகுலரால் மெதுவாகத் துழாவினால், நட்சத்திரங்களுக்கு நடுவே ஃபோகஸ் ஆகாதது போல ஒரு உருண்டை நிற்கும். ஃபோகஸ் சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் கூர்மையாகாது. அதுதான் அடையாளம்.

அதே மாதங்களின் பின்னிரவில் கேட்டையும் மூலமும் தெற்கே ஏறும். மூலத்தின் கொடுக்கு முனைக்கு இடப்புறம் எம் 7, அதற்கு மேலே எம் 6. பாரிஸில் எம் 7 தொடுவானத்திலிருந்து 6 டிகிரி உயரமே ஏறும். உங்களுக்கு 42 டிகிரி. ஆடிவரை காத்திருந்தால் முன்னிரவிலேயே கிடைக்கும், மேகம் வழிவிட்டால்.

மாடியில் ஒரே ஒரு கேலக்ஸி

அது ஆண்ட்ரோமீடா, எம் 31. மார்கழி தொடக்கத்தில் இரவு 7 மணிக்கு மேல் வடக்கே 60 டிகிரி உயரத்தில் நிற்கும். சென்னை வெளிச்சம் இருக்கும் திசைதான். ஆனாலும் அந்த உயரத்தில் சமாளிக்கலாம். உத்திரட்டாதியின் வடக்கு நட்சத்திரத்திலிருந்து வடகிழக்காக இரண்டு நட்சத்திரம் தள்ளினால் மிராக் வரும். அங்கிருந்து வடமேற்காகத் திரும்பி இரண்டு மங்கலான நட்சத்திரங்களை எண்ணுங்கள். இரண்டாவதன் பக்கத்திலேயே எம் 31.

படங்களில் அது முழுநிலவுகள் ஆறை வரிசையாக வைத்த நீளத்துக்கு வரும். உங்களுக்குத் தெரியப்போவது அதன் மையம் மட்டும்: சற்றே நீண்ட, சாம்பல் நிறத் திட்டு. சுருள் கைகளும் நிறமும் தெரியாது. மங்கலான ஒளியில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்களுக்கு நிறம் தெரியாது என்பதே காரணம். அதைக் கண்ட பிறகு, மிராக்கிலிருந்து எதிர்ப்பக்கம் ஏறத்தாழ அதே தூரம் போங்கள். அங்கேதான் உங்கள் எம் 33 இருக்கிறது. நாவலூரில் தெரியாது, இடத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கண்ணைப் பழக்குவது

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் மாடிச் சாவி வாங்குவது முதல் வேலை. மாடிக்குப் போனதும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தெருவிளக்கு ஒன்றும் நேராகப் படாத இடத்தில் சாய்வு நாற்காலியைப் போடுங்கள். 20 முதல் 30 நிமிடம் கண்ணை இருட்டுக்கு விடுங்கள். நடுவில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். ஆப்பைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சிவப்புத் திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கறுப்புத் துண்டு ஒன்றைத் தலையையும் பைனாகுலரையும் சேர்த்துப் போர்த்தினால் பக்கவாட்டு வெளிச்சம் அடைபடும். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட வேண்டாம். நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன், நீங்களும் பழகிக்கொள்வீர்கள்.

முதலில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் ஃபோகஸ் வையுங்கள்: வலக்கண்ணை மூடி நடுச் சக்கரம், பிறகு இடக்கண்ணை மூடி வலது கண்வில்லையில் உள்ள வளையம். இரண்டு கண்ணும் திறந்தபின் ஒரே நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்தால் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கிறது; கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள்.

மங்கல் பொருளை நேராக முறைத்தால் மறைந்துவிடும். விழித்திரையின் நடுப்புள்ளி மங்கல் ஒளியில் குருடு. ஆகவே பொருளை வட்டத்தின் நடுவில் வைத்து, பார்வையைச் சற்று மேலே அல்லது ஓரமாக வையுங்கள். தெரிகிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் பைனாகுலரை விரலால் மெல்லத் தட்டுங்கள். நிற்கும் மங்கலைவிட அசையும் மங்கலைக் கண் சீக்கிரம் பிடிக்கும்.

கை நடுக்கம் பாதி ஒளியைத் தின்றுவிடுகிறது. 20×80-க்கு ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பகுதியை டிரைபாடுக்கும், பைனாகுலரை அதில் மாட்டும் எல் வடிவப் பிடிக்கும் செலவழியுங்கள். உச்சிக்கு அருகே இருப்பதைப் பார்க்க டிரைபாடு உதவாது. பாயில் மல்லாந்து படுங்கள்.

ஊரைத் தாண்டினால்

கேலக்ஸிகளுக்கு இருட்டு வேண்டும். அதில் குறுக்கு வழி இல்லை. மாமல்லபுரம் விடுதி விளக்குகளில் நனைந்திருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையச் சுற்றுவட்டாரத்தில் இரவில் பைனாகுலரோடு நிற்கவே நிற்காதீர்கள். பாதுகாப்பு வளையம், விளக்கம் சொல்லி மாளாது. பாலாற்றைத் தாண்டி கூவத்தூர், கடப்பாக்கம் பக்கம் போனால் வானம் மாறும். இந்தக் கரை தெற்கே போகப்போக மேற்காகச் சாய்கிறது. அதனால் கரையில் நின்று நேர் தெற்கே பார்த்தால் எதிரே தண்ணீர்தான், ஊர் வெளிச்சம் இல்லை. தனியாகப் போக வேண்டாம். மீனவர் குப்பத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ரோந்து வரும் போலீஸாரிடமும் சொல்லிவிடுங்கள். தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கத் தினசரிக் காலண்டர் போதும். அமாவாசைக்கு முன்பின் நாலைந்து நாள்கள். தேய்பிறை சப்தமிக்குப் பிறகு நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும், ஆகவே முன்னிரவு முழுக்க உங்களுடையது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தூசி கழுவப்பட்டிருக்கும். அந்த இரவைத் தவறவிடாதீர்கள்.

அங்கே முதல் குறி என்.ஜி.சி. 253 என்ற கேலக்ஸி. 1783-இல் கரோலின் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஒளியாண்டு தொலைவு. மார்கழி முன்னிரவில் தெற்கே தனியாக மின்னும் டிஃப்டா நட்சத்திரத்திலிருந்து நேர் கீழே 7 டிகிரி. மெலிந்த கோடு போல இருக்கும். அன்றே எம் 33-ஐயும் பிடித்துவிடுங்கள்.

இரண்டாவது, சித்திரை மாதத்தில் செண்டாரஸ் ஏ. அதற்கு வழி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: சித்திரை நட்சத்திரத்திலிருந்து ஒமேகா செண்டாரிக்கு இறங்கும் அதே கோட்டில், ஒமேகாவுக்கு 4.5 டிகிரி மேலே நிற்கிறது. ஒமேகாவை வட்டத்தின் கீழ் விளிம்பில் வைத்தால் மேல் விளிம்பை ஒட்டி இந்த கேலக்ஸி வந்துவிடும். ஒரே வட்டத்தில் நம் பால்வீதியைச் சேர்ந்த கொத்து ஒன்றும், ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு தள்ளியுள்ள கேலக்ஸி ஒன்றும். பாரிஸிலிருந்த மெஸ்ஸியேவுக்கு இரண்டுமே எட்டாதவை.

கன்னி கேலக்ஸிகளில் எம் 49, எம் 87 இரண்டையும் அதே இரவில் முயலுங்கள். உத்திரம் நட்சத்திரத்துக்குக் கிழக்கே, ஏறக்குறைய உச்சியில் வரும். உச்சியில் இருப்பதற்குக் குறுக்கே காற்று மிகக் குறைவு. ஆனாலும் 10×50-இல் அவை ஃபோகஸ் தப்பிய நட்சத்திரம் போலத்தான் இருக்கும். மகெல்லன் மேகங்கள், 47 டுகானே என்று ஆப் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். அவை 4 முதல் 7 டிகிரி உயரம்தான் ஏறும். கடலோர ஈரக்காற்று அவற்றை விழுங்கிவிடும்.

வீடு திரும்பிய பின்

உப்புக் காற்று பட்ட லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். பனி படிந்திருந்தால் தானாக உலரவிடுங்கள், பிறகு ஊதுகுமிழால் தூசியை நீக்குங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அலமாரியில் தோல் உறைக்குள் மூடி வைத்த பைனாகுலர்களில்தான் நம் கடற்கரை ஊர்களில் ஃபங்கஸ் பிடிக்கிறது. பிடித்துவிட்டால் பிரித்துச் சுத்தம் செய்வதற்குள் பாதி விலை போய்விடும்.

வாய்ப்புக் கிடைத்தால் காவலூருக்கும் ஒருமுறை போய் வாருங்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு முன் இந்த வரிசையில் போங்கள்: பூசம், எம் 67, ஒமேகா செண்டாரி, ஆண்ட்ரோமீடா. நான்கையும் ஆப் இல்லாமல் உங்களால் கண்டுபிடிக்க முடிந்த அன்று கடப்பாக்கத்துக்குக் கிளம்பலாம். 20×80-க்கு வைத்திருந்த பணத்தில் டிரைபாடு போக மிச்சம் பெட்ரோலுக்குப் போதும்.